தரையில் உட்கார்ந்து எழுவது

1931 செப்டம்பர் 14, திங்கட்கிழமை. ஐந்தே காலுக்கு எழுந்தேன். வெந்நீரில் நனைத்த துணியை இடுப்பில் கால் மணி நேரம் வைத்திருந்தேன். ஆறரைக்கு எஸ்டேட் ஆஸ்பத்திரியில் கத்தரியையும் நூலையும் கொதிக்கவைத்தேன். ஏழு மணிக்கு எட்டுப் படுக்கைக்கும் காய்ச்சல் பார்த்து எழுதினேன். மழை இல்லை, பனி மட்டும்.

தேவிகுளத்துக்குக் கீழே, அதே எஸ்டேட் பள்ளிக்கூடத்தில் பதினெட்டு வருஷம் பாடம் சொன்னவள் நான். கூலிகளின் வரிசை வீடுகளான லயங்களில் பெண்கள் பிரசவத்துக்கு, காயத்துக்கு மருந்து கட்டும் ஆண் டிரஸ்ஸரை உள்ளே விடமாட்டார்கள். என்னிடம் படித்த ஒருத்தி அப்படியே செத்துப்போனாள். அதன்பிறகுதான், நாற்பத்தொன்றாம் வயதில், டாக்டரிடம் போய் நர்ஸ் வேலை கற்றுத்தரச் சொன்னேன். ஒரு வருஷம் நன்றாகப் போயிற்று. பிறகு இடுப்பில் தொடங்கிய வலி இடது குதிகால்வரை இறங்கியது. ஏழு மாதமாக விடவில்லை. டாக்டர் கேட்டபோதெல்லாம் மேடு ஏறிய களைப்பு என்றேன். உண்மையைச் சொன்னால் நிறுத்திவிடுவார் என்ற பயம்.

அன்று ஒன்பதரைக்கு மூன்றாம் லயத்திலிருந்து ஆள் வந்தது. இருபது வயதுப் பெண், இரண்டாவது பிரசவம். அங்கே படுத்துப் பெறும் வழக்கம் இல்லை. உத்தரத்தில் கட்டிய கயிற்றைப் பிடித்துக் குத்தவைத்துப் பெறுவார்கள். ஏந்துகிறவள் எதிரே தரையில் உட்கார வேண்டும். உட்கார்ந்தேன். பதினொன்று பத்துக்குப் பெண் குழந்தை, உடனே அழுதது. கொடியைக் கட்டி வெட்டினேன். நஞ்சுக்கொடி முழுதாக விழுந்ததைப் பார்த்துக்கொண்டு குழந்தையை மாமியாரிடம் கொடுத்தேன்.

எழ முடியவில்லை.

"என்ன வாத்தியாரம்மா, அப்படியே உக்காந்துட்டீக? பிள்ளைக்கு இப்பவே பாடம் நடத்தப் போறீகளா?" என்று மாமியார் சிரித்தாள்.

"சும்மா இருங்க அத்தே. அவுகளுக்கு முடியல போல," என்ற அந்தப் பெண், நான் வேண்டாம் என்று சொல்வதற்குள் எழுந்து, குனிந்து என் கையைப் பிடித்து இழுத்தாள். அவள் காலில் ரத்தம் குபுக்கென்று வழிந்தது. முகம் வெளுத்துப் பாயில் சாய்ந்தாள். நான் தரையோடு நகர்ந்து போய், கர்ப்பப்பை கெட்டியாகும்வரை அவள் வயிற்றைத் தேய்த்தேன். ரத்தம் நிற்க இருபது நிமிஷம் ஆயிற்று.

மாமியார் இப்போது சிரிக்கவில்லை. அவளும் பக்கத்து வீட்டுக்காரியும் என்னைக் கக்கத்தில் பிடித்துத் தூக்கி நிறுத்தினார்கள்.

"பெத்தவ எந்திரிச்சிட்டா. பிடிக்க வந்த உங்களால முடியலியே. நாளைக்கு இன்னொருத்திக்கு இப்படி ஆச்சுன்னா?" என்று மாமியார் கேட்டாள்.

கத்தரியையும் மிச்ச நூலையும் துணியில் சுற்றி எடுத்துக்கொண்டேன்.

மதியம் பதிவேட்டில் 'தாயும் சேயும் நலம்' என்று எழுதினேன். பொய் இல்லை. மற்றதை எழுதவில்லை. சாயங்காலம் டாக்டர் விசாரித்தபோதும் அதையே சொன்னேன். அந்தப் பெண்ணின் பிடி என் மணிக்கட்டில் சிவந்திருந்தது, முந்தானைக்குள் மறைத்துக்கொண்டேன்.

செவ்வாய்க்கிழமை எழுந்ததும் முதலில், லயங்களில் பிரசவத்துக்குக் காத்திருக்கும் ஆறு பெண்களின் வீட்டு எண், மாதம், முந்தைய பிரசவம் எல்லாவற்றையும் ஒரு தாளில் எழுதினேன். அதை எடுத்துக்கொண்டு டாக்டர் வீட்டுக்குப் போய், தரையில் உட்கார்ந்தால் என்னால் எழ முடியாது என்று சொன்னேன்.