போனின் முதுகில் ஒட்டிய பேட்டர்ன்

போன் கீழே விழுந்து டிஸ்ப்ளே உடைந்ததால், செஞ்சி கடைத்தெருவில் ஒரு கடையில் கொடுத்தேன். "பேட்டர்ன் போட்டுக் குடுங்கக்கா, மாத்திட்டு செக் பண்ணணும்" என்றார் கடைக்காரர். துண்டுச் சீட்டில் புள்ளி வைத்துக் கோடு இழுத்துத் தந்தேன். அதைப் போனின் முதுகிலேயே ஒட்டினார்.

மேல்மலையனூர் பஸ்ஸில் உட்கார்ந்த பிறகுதான் நினைவு வந்தது. மார்பில் வந்த ஒரு கட்டியைப் படமெடுத்து, நர்ஸாக இருக்கும் தங்கைக்கு அனுப்பியிருந்தேன். அந்தப் படங்கள் எல்லாம் போனிலேயே இருந்தன. கடைக்குப் பேசலாம் என்றால் கையில் போன் இல்லை.

"நிறுத்துங்க, எறங்கணும்."

"இன்னாம்மா, இப்பதான டிக்கெட் வாங்குன?" என்றார் கண்டக்டர்.

வந்த வழியே ஓடினேன். கடையில் என் போன் புது டிஸ்ப்ளேயோடு, லாக் திறந்தபடி ஒளிர்ந்துகொண்டிருந்தது.

"டச் வேலை செய்யுதான்னு பாத்தேன், அவ்ளோதான்க்கா" என்றார்.

உண்மையாகவே இருக்கலாம். கட்டி பயப்படும்படி இல்லை என்று பிறகு டாக்டரும் சொல்லிவிட்டார். அந்தப் பயம் போய்விட்டது, கடைக்காரர் படங்களைப் பார்த்திருப்பாரோ என்பது போகவில்லை.

இப்போது அப்படிப்பட்ட படங்களை அனுப்பியவுடனே அழித்துவிடுகிறேன். பேட்டர்னை யாருக்கும் எழுதித் தருவதில்லை. ரிப்பேர் முடியும்வரை எதிரிலேயே உட்கார்ந்து, கேட்கும்போது நானே போட்டுத் தருகிறேன். ஆனாலும் அந்தக் கடையைத் தாண்டும்போது கை தானாக முந்தானையை இழுத்துவிடுகிறது.