நான் அழித்த கடனும் பாடாலூர்க் கிடா விருந்தும்

பெரம்பலூரில் ஒரு வக்கீலிடம் குமாஸ்தாவாகச் சேர்ந்து மூன்று மாதம்கூட ஆகவில்லை. எழுபதுகளின் கடைசி. சட்டம் முழுவதும் தெரிந்துவிட்டதாக எனக்கு நினைப்பு.

ஒருநாள் பாடாலூர் ரத்தினம் மூச்சிரைக்க ஆபீசுக்கு வந்தார். அவருடைய தங்கை வீட்டுக்காரர் கடலை மில் வைக்க பேங்கில் வாங்கிய கடனுக்கு இவர்தான் ஜாமீன். மில் படுத்துவிட்டது. அந்த மாப்பிள்ளைக்கு அரியலூர் சப் கோர்ட்டில் ஐ.பி. போட்டுக் கொடுத்ததே எங்கள் வக்கீல்தான். ஐ.பி. என்றால் திவால் மனு. ஊர்ப் பேச்சில் மஞ்சக் கடுதாசி.

வக்கீல் கோர்ட்டுக்குப் போயிருந்தார்.

"தம்பி, மாப்ள மஞ்சக் கடுதாசி குடுத்துட்டாரு. என் நாலு ஏக்கர் கெணத்துக் காடு என்னாவுங்க?"

"கடனே போச்சுங்க! அப்பறம் ஜாமீன் எங்க? நிம்மதியா வூட்டுக்குப் போங்க."

மனிதர் என்னைக் கட்டிப் பிடித்துக்கொண்டார். வெள்ளிக்கிழமை சிறுவாச்சூர் அம்மன் கோயிலில் மாவிளக்கு போட்டார். ஞாயிற்றுக்கிழமை வீட்டில் இரண்டு கிடா வெட்டி விருந்து. முதல் பந்தியில் எனக்கு இடம். இனிப் பகை எதற்கு என்று பேங்க் மேனேஜரையும் அழைத்திருந்தார். அவர் என் பக்கத்து இலை.

"கெடா நம்ம பட்டியா?" என்றார் மேனேஜர், ஈரலை மென்றுகொண்டே.

"ஆமா சார், இன்னும் பதினெட்டு நிக்குது."

"காட்டுல தண்ணி?"

"கோடையிலயும் வத்தாதுங்க!"

மேனேஜர் திருப்தியாக மோர் குடித்தார்.

"நாளைக்கு பேங்குக்கு வாங்க. ஐ.பி. குடுத்தது உங்க மாப்ள. நீங்க குடுக்கலையே? கடன் மொத்தமும் இனி உங்க தலையிலதான். உங்ககிட்ட என்ன இருக்குன்னு தெரியாமத்தான் இத்தன நாளு முழிச்சுக்கிட்டிருந்தேன்."

ரச வாளியோடு வந்த மாப்பிள்ளை பாதி வழியிலேயே திரும்பிவிட்டார். ரத்தினம் என்னைப் பார்த்தார். நான் வெட்கத்தில் இலையைப் பார்த்தேன். திடீரென்று அவர் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிக்க ஆரம்பித்தார்.

"கெடாவும் நாந்தான், விருந்து வெச்சவனும் நாந்தான்!"

பந்தியே சிரித்தது. நானும் அழுதுகொண்டே சிரித்தேன்.

மறுநாள் ரத்தினம் என்னையும் பேங்குக்கு இழுத்துக்கொண்டு போனார். மேனேஜர் கொஞ்சம் இறங்கி வந்தார். நிலத்தை ஏலம் போட வேண்டாம், தவணையில் கட்டலாம். ஆனால் அதற்கு இன்னொரு ஜாமீன் வேண்டும் என்றார். ரத்தினம் பேனாவை என் கையில் திணித்தார்.

"போடுங்க தம்பி. கடனே போச்சுன்னீங்கல்ல? இல்லாத கடனுக்கு என்ன பயம்?"

வாய் கொடுத்து மாட்டிக்கொண்டவன் என்ன செய்வேன்? போட்டேன்.

அதற்குப் பிறகு மூன்று வருஷம், லீவு நாளெல்லாம் பஸ் ஏறிப் பாடாலூர் போய் அவருடைய கடலைச் செடியைப் பார்த்துவிட்டு வந்தேன். வானம் கறுத்தால் எனக்குத்தான் குஷி. அவர் ஒரு தும்மல் போட்டால் டாக்டரிடம் இழுத்துக்கொண்டு ஓடினேன். கடைசித் தவணை கட்டிய அன்று பேங்க் வாசலில் அவர் சும்மா நின்றார், நான் குதித்தேன்.

கடன்காரன் ஐ.பி. கொடுத்தால் ஜாமீன்காரன் கதி என்ன என்று ஜூனியர்கள் இன்றும் என்னிடம் கேட்பார்கள். "அவன் இறங்கிக்கொள்வான், நீ சுமக்க வேண்டும்" என்று நான் ஒரே மூச்சில் சொல்லிவிடுவேன். மற்ற சட்டத்தையெல்லாம் புத்தகத்தில் படித்தேன். இதை மட்டும் மூன்று வருஷம் மழைக்குக் காத்திருந்து படித்தேன்.