எஸ்டேட் கோயிலில் என் தவக்காலப் பிரசங்கங்களும் எனக்குக் கிடைத்த பதில்களும்

பிரசங்கம் வைக்கிற தொழிலில் சம்பளம் கிடையாது, லீவு கிடையாது, கேட்கிறவர்களுக்குத் தப்பிக்க வழியும் கிடையாது. எங்கள் தேயிலை எஸ்டேட் கோயிலுக்கு ஃபாதர் தானா ராத்தா டவுனிலிருந்து மாதத்துக்கு ஒரு தடவைதான் ஏறி வருவார். மிச்ச நாளெல்லாம் ஜெபம் நடத்துவதும் சிந்தனை சொல்வதும் என் தலையில். பகலில் நான் பாலர் பள்ளி டீச்சர். சின்னப் பிள்ளைகளை உட்கார வைக்கத் தெரிந்தவளுக்குப் பெரியவர்களை உட்கார வைப்பது சுலபம் என்று ஃபாதர் நினைத்துவிட்டார். கோயில் பெஞ்சில் உட்கார்ந்து கடிகாரத்தைப் பார்க்கிற என் சக பாவிகளே, ஒன்று தெரிந்துகொள்ளுங்கள். முன்னால் நின்று பேசுகிறவளும் அதே கடிகாரத்தைத்தான் பார்த்துக்கொண்டிருக்கிறாள்.

போன தவக்காலத்தில் நடந்ததைச் சொல்கிறேன்.

மண்ணை ஞாபகப்படுத்தியது

விபூதிப் புதன் சாயங்காலம் சாம்பல் பூசும் வேலை எனக்கு. நெற்றியில் சிலுவை போட்டு, நீ மண், மண்ணுக்கே திரும்புவாய், மறந்துவிடாதே என்று ஒவ்வொருவரிடமும் சொல்ல வேண்டும். சொல்லும்போது குரலைக் கொஞ்சம் கனமாக்கிக்கொள்வேன். பள்ளியில் 'பென்சிலைக் கீழே வை' என்று சொல்கிற அதே குரல்தான். சாம்பல் கிண்ணம் கையில் இருந்தால் அதற்கு ஒரு மரியாதை வந்துவிடுகிறது.

கடைசியாக வந்தவர் அந்தோணி அண்ணன். கோலா தெர்லாவிலிருந்து காய்கறி லோரி ஓட்டுகிறவர். எங்கள் லயத்து வரிசையில்தான் வீடு. மனைவி லூர்து அக்கா இறந்து இரண்டு வருஷம்கூட ஆகவில்லை. அதற்குப் பிறகு அவர் கோயிலுக்கு வருவதே ஈப்போவில் இருக்கும் மகள் போன் போட்டு விசாரிப்பாள் என்பதற்காகத்தான். அன்றைக்கு முழங்கால் வரை சேறு. மழையில் மலை சரிந்து ரோடு அடைபட்டதாம். லோரியை நிறுத்திவிட்டு இவரும் இறங்கி அள்ளிப் போட்டிருக்கிறார். எனக்கு அதெல்லாம் அப்போது தெரியாது. வழக்கம்போலக் குரலைக் கனமாக்கிக்கொண்டு ஆரம்பித்தேன்.

"டீச்சர், மத்தியானத்துலேர்ந்து மண்ணைத்தான் அள்ளிக்கிட்டு இருக்கேன். இன்னிக்கு ஒரு நாள் ஞாபகப்படுத்தாம பூசி விடுங்க லா."

தேத்தண்ணியை விட்டது

தவக்காலத்தின் முதல் ஞாயிறு. உங்களுக்கு ரொம்பப் பிடித்த ஒன்றை விட்டுவிடுங்கள் என்று சிந்தனை சொன்னேன். சொன்ன வாய்க்காக நானும் ஒன்றை விட வேண்டி வந்தது. தேத்தண்ணியை விட்டேன். ஃபேக்டரியிலிருந்து வறுத்த தேயிலை வாசனை படுக்கை வரைக்கும் வருகிற ஊரில் இது புத்தியுள்ளவர்கள் செய்கிற காரியம் இல்லை. இரண்டே நாளில் தலைவலி. பிள்ளைகள் மேல் எரிந்து விழுந்தேன். பானையைத் தேய்த்துக் கழுவும்போதுகூடக் கடவுளிடம் கணக்குக் கேட்டேன்.

அந்த முறை முஸ்லிம்களின் புவாசா நோன்பும் எங்கள் தவக்காலமும் சேர்ந்தே வந்தன. பாலர் பள்ளியில் என்னோடு வேலை பார்க்கிற மலாய்க்கார அக்கா, காக் ரோஸ்னா, எஸ்டேட்டிலேயே பிறந்து வளர்ந்தவர். நம்மைவிட நன்றாகத் தமிழ் பேசுவார். விடியற்காலையிலிருந்து பச்சைத் தண்ணீர் பல்லில் படாமல் பாட்டும் ஆட்டமும் சொல்லிக் கொடுத்துக்கொண்டிருந்தார். நானோ ரொட்டி சானாயைக் காப்பியில் நனைத்துத் தின்றுகொண்டே, நோன்பு எவ்வளவு கஷ்டம் என்று அவரிடம் சொல்லிப் புலம்பினேன். எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டார். அப்புறம் என் தட்டைப் பார்த்தார்.

"காப்பி உண்டு, ரொட்டி உண்டு, தண்ணி உண்டு. இதுக்குப் பேரு புவாசா இல்ல டீச்சர், ரெஸ்ட் டைம்."

பன்னிரண்டாவது சீடர்

பெரிய வியாழன் பூசைக்கு ஃபாதர் வந்துவிட்டார். இயேசு சீடர்களுக்குச் செய்ததுபோல ஃபாதர் பாதம் கழுவப் பன்னிரண்டு பேர் வேண்டும். பெண்களும் உட்காரலாம் என்று அவர் பல தடவை சொல்லிவிட்டார். 'ஃபாதர் கையில நம்ம காலா' என்று எங்கள் அக்காமார் ஒருத்தியும் அசைவதில்லை. ஆண்களில் ஒருவர் கடைசி நேரத்தில் காய்ச்சலில் படுத்துவிட, எனக்கு ஒரு சீடர் குறைந்தார்.

பக்கத்து வீட்டு முனியாண்டி அண்ணன் மாரியம்மன் கோயில் கமிட்டிச் செயலாளர். உதவி என்று கேட்டால் இல்லை என்று சொல்லத் தெரியாதவர். கூப்பிட்டதும் வெள்ளை வேட்டி கட்டி, காலை பிரஷ் போட்டுத் தேய்த்துக்கொண்டு வந்துவிட்டார். நம்ம ஆட்களில் பாதிப் பேர் பூட்ஸ் கழற்றிய காலோடு வந்திருந்தார்கள். தண்ணீரைச் சுட வைக்க நான் மறந்திருந்தேன். மலைத் தண்ணீர் காலில் பட்டதும் சீடர்கள் ஒவ்வொருவராகப் பெஞ்சிலிருந்து அரை அடி எழும்பி உட்கார்ந்தார்கள். வருஷா வருஷம் தீ மிதிக்கிற முனியாண்டி அண்ணன் மட்டும் கல் மாதிரி இருந்தார். பூசை முடிந்ததும் என்னைத் தனியாகக் கூப்பிட்டார்.

"நான் எந்தச் சீடன்னு மட்டும் சொல்லிருங்க டீச்சர். காட்டிக் கொடுத்தவன் எடம்னா வீட்டுக்காரி உள்ள விட மாட்டா."

தேயிலையை மறைத்தது

மறுநாள் பெரிய வெள்ளி. காலையில் எஸ்டேட் ரோட்டில் சிலுவைப் பாதை. மரச் சிலுவை நல்ல கனம். அதைத் தூக்கி மேடேறும் தோள் எங்களில் அந்தோணி அண்ணனுக்குத்தான் உண்டு. 'எனக்கும் சாமிக்கும் பேச்சுவார்த்தை இல்ல டீச்சர்' என்றார். சிலுவை சுமக்கப் பேச்சுவார்த்தை வேண்டாம், தோள் போதும் என்று இழுத்து வந்தேன். இயேசு வேஷத்துக்கான காவி அங்கி அவருக்கு முழங்காலுக்குக் கொஞ்சம் கீழேதான் வந்தது.

பாதி வழியில் பிரிஞ்சாங் பக்கமிருந்து சுற்றுலாக் கார்கள் வரிசை கட்டி வந்து எங்களுக்குப் பின்னால் நின்றன. சிலுவை போகிற வேகத்தில்தான் கார்களும் போக முடியும். நாலைந்து பேர் இறங்கி போட்டோ எடுக்கத் தொடங்கினார்கள். கோலாலம்பூர்க்காரர் மாதிரித் தெரிந்த ஒரு அம்மா, மகளை ஆண்டவர் பக்கத்தில் நிறுத்தி, போனை உயர்த்திப் பார்த்து, திருப்தியில்லாமல் தலையை ஆட்டினார்.

"அண்ணே, சிலுவையைக் கொஞ்சம் அந்தப் பக்கம் சாய்ச்சுப் புடிங்களேன், தேயிலையை மறைக்குது."

மூன்றாம் முறை விழுந்தது

அவர் சாய்த்தும் பிடித்தார். அதோடு நடந்தோம்.

ஒன்பதாம் நிலை. இயேசு மூன்றாம் முறை விழுகிறார். நான் வாசித்து முடிப்பதற்குள் அந்தோணி அண்ணன் ஈர ரோட்டில் சறுக்கி நிஜமாகவே விழுந்துவிட்டார். முகம் தரையில், சிலுவை முதுகின் மேல். என்ன நடிப்பு என்று பின்னால் யாரோ சொன்னார்கள். அக்காமார் மூக்கைச் சிந்தினார்கள். மன்றாட்டை முடித்தேன், பாட்டையும் முடித்தேன். அவர் எழவில்லை. அடிபட்டுவிட்டதோ என்று பயந்து, புத்தகத்தால் முகத்தை மறைத்துக்கொண்டு குனிந்து கேட்டேன். அடியெல்லாம் இல்லை. கண்தான் சிவந்திருந்தது.

"கொஞ்ச நேரம் இப்படியே கெடக்குறேன் டீச்சர். இந்த டிரெஸ்ல அழுதா யாரும் ஏன்னு கேக்க மாட்டாங்க."

இன்னொரு பாட்டு எடுத்துக் கொடுத்தேன். அது நீளமான பாட்டு. எல்லா சரணமும் பாட வைத்தேன்.

உயிர்ப்பு ஞாயிறு

உயிர்ப்பு ஞாயிறுக்கு என் ஆயுளின் சிறந்த பிரசங்கத்தைத் தயார் பண்ணியிருந்தேன். காலியான கல்லறை, புரட்டிய கல், அழுதுகொண்டு நின்ற மகதலா மரியா, எல்லாம் இருந்தது. நடுவில் அந்தோணி அண்ணன் கடைசி பெஞ்சிலிருந்து எழுந்து வெளியே போனார். மனைவியை இழந்தவர் முன்னால் கல்லறையைப் பற்றி இவ்வளவு பேசிவிட்டேனோ என்று மிச்சப் பிரசங்கத்தை வேகமாக முடித்தேன்.

ஜெபம் முடிந்து வந்தால் லோரி வாசலில் நிற்கிறது. முன் சீட்டில் தாள் சுற்றிய மஞ்சள் சாமந்தி. "லூர்தைப் பாக்கப் போறேன். அடக்கம் பண்ணுன நாளோட சரி, அந்தப் பக்கமே போகல. கூட வர்றீங்களா?" என்றார். ஏறிக்கொண்டேன்.

கல்லறையில் புல் இடுப்பளவு வளர்ந்திருந்தது. கையாலேயே பிடுங்கினார். பூவை வைத்துவிட்டுக் குந்தி உட்கார்ந்து, பக்கத்து வீட்டில் பேசுகிற மாதிரிப் பேசினார். "ஈப்போவுல பாப்பா நல்லா இருக்கா. நான் கறி ஆக்கக் கத்துக்கிட்டேன். உப்புதான் இன்னும் கைக்கு வரல." அப்புறம் பூவைச் சுற்றியிருந்த தாளை மெல்லப் பிரித்தார். இதுதான் என் நேரம் என்று நினைத்தேன். தொண்டையைச் செருமி, "அண்ணே, இன்னைக்கு ஆண்டவர்" என்று ஆரம்பித்தேன். அவர் திரும்பிப் பார்க்காமல் கையை மட்டும் மெல்ல உயர்த்தினார்.

"பிரசங்கம் வேணாம் டீச்சர். சும்மா கூட நின்னா போதும்."

நின்றேன், இத்தனை வருஷத்தில் அந்தோணி அண்ணன் கடைசி வரை இருந்து கேட்ட என் ஒரே பிரசங்கம் அதுதான்.