ஏழாம் சந்தில் விழுந்த சிவப்புப் புள்ளிகள்

தைனான் நகரத்தில் குப்பைப் பையைத் தெருவில் வைத்துவிட்டுப் போக முடியாது. பாட்டு போட்டுக்கொண்டு வண்டி வரும்போது அவரவர் பையை அவரவர் கையால் ஏற்ற வேண்டும். அந்த வண்டிகளுக்கான செயலியை எழுதியவள் யூலான். நாற்பத்திரண்டு வயது, காத்திருப்பது என்றாலே அவளுக்கு ஆகாது. ஒரு நிறுத்தத்தில் வண்டி இரண்டு நிமிடத்துக்கு மேல் நின்றால் திரையில் சிவப்புப் புள்ளி விழும்படி எழுதி, அதற்காக நல்ல பெயரும் வாங்கியிருந்தாள்.

மூன்று மாதம் கழித்து, பாய் என்ற பெயர்கொண்ட மேனேஜர் பன்னிரண்டு ஓட்டுநர்களின் பட்டியலை அவளிடம் நீட்டினார்.

"முதல் பேரு லாய். தினமும் சிவப்பு. வெள்ளிக்கிழமையோட ஆள வண்டிய விட்டு எறக்கிடலாம்னு இருக்கேன்."

யூலான் கணக்கைத் திறந்து பார்த்தாள். லாயின் சிவப்பெல்லாம் ஒரே இடம்: ஏழாம் சந்து, மாலை ஏழு மணி. அவள் வீடு இருக்கும் சந்து. அவள் வேலை முடிந்து ஸ்கூட்டரை நிறுத்தும் நேரமும் அதுதான். ஒருநாள்கூட வண்டியைத் தவறவிடாததைத் தன் செயலியின் சாமர்த்தியம் என்று ஊரெல்லாம் பீற்றிக்கொண்டிருந்தாள். வெட்கம் பிடுங்கித் தின்றது.

அன்று மாலை பையை ஏற்றிவிட்டு ஓட்டுநர் பக்கம் போனாள்.

"அண்ணே, எனக்காகவா நிக்கிறீங்க?"

"பின்ன? நீ உள்ள ஓடுறதப் பாத்துட்டு எப்படி வண்டிய எடுக்கிறது? மீன் முள்ளு ராத்திரி பூரா வீட்ல கெடந்து நாறாதா? ஒரு கால்ல செருப்பு, இன்னொண்ணு கையில. அந்தக் கூத்தப் பாக்கவே நிக்கலாம்."

"உங்க பேரு லிஸ்ட்ல இருக்குண்ணே."

"தெரியும். எந்தப் புண்ணியவான் அந்த மிஷின எழுதினானோ!"

"நான்தாண்ணே."

லாய் அவளை ஏற இறங்கப் பார்த்தார். "நல்லா எழுதுன போ," என்று வண்டியை எடுத்தார்.

மறுநாள் காலை அவள் மேனேஜர் முன்னால் போய் நின்றாள்.

"லாய் நின்னது எனக்காக, சார்."

"மிஷின் பொய்யா சொல்லுது?"

"நான் சொல்லிக் குடுத்ததத்தான் சொல்லுது. நிக்கிறது குத்தம்னு சொல்லிக் குடுத்தவ நான். 'ஆள் வருது'ன்னு ஓட்டுநர் அழுத்த ஒரு பொத்தான் வெக்கிறேன். அழுத்தினா சிவப்பு விழாது."

"தூங்கிட்டு அழுத்துவானுங்க."

"அழுத்தட்டும். அவங்கள நம்பித்தான சார் வண்டியக் குடுத்திருக்கோம்?"

பாய் முணுமுணுத்துக்கொண்டே அவள் கையிலிருந்த பட்டியலில் லாயின் பெயரை அடித்துவிட்டு, அதைத் திரும்ப வாங்கக் கையை நீட்டினார். யூலான் கொடுக்கவில்லை.

"இன்னும் பதினோரு பேர் இருக்காங்க சார். அவங்க யாருக்காக நிக்கிறாங்கன்னு போய்ப் பாத்துட்டு வரேன்."