நாக்கில் வைத்த கல்தூள்

காய்ந்த கல் அரைபடும் வாசனை எங்கே வந்தாலும் எனக்கு அந்த போர்வெல்காரர் ஞாபகம் வந்துவிடுகிறது.

போன மே மாதம், வெளிமாநில நகரமொன்றின் விளிம்பில், கோந்த்வாவில் எங்கள் அடுக்குமாடிக்குப் பின்னால் அவருடைய திருச்செங்கோட்டு போர்வெல் வண்டி நின்றது. எந்தெந்த ஊரிலிருந்தோ வந்து வீடு வாங்கிய நாங்கள், தண்ணீர் டேங்கர் வராத நான்காம் நாள், பால்கனிகளில் நின்று அந்த வண்டி போடும் துளையையே பார்த்துக்கொண்டிருந்தோம். மனிதருக்கு இமை வரைக்கும் சாம்பல் நிறம். ஒவ்வொரு குழாய் இறங்கியதும், மேலே வரும் தூளில் ஒரு சிட்டிகை எடுத்து நாக்கில் வைப்பார். ஈரம் இல்லையென்றால் துப்புவார். அன்று முழுக்கத் துப்பிக்கொண்டே இருந்தார்.

தொள்ளாயிரம் அடியில் இன்ஜினை நிறுத்தினார். கீழே இறங்கிப்போய், "தண்ணி வருமா?" என்று தமிழில் கேட்டேன்.

"அட, நம்மூருங்களா!" சிரித்தார். பல்லிலும் தூள். "வராதுங்க. பன்னெண்டு வருசத்துக்கு முன்னால இதே எடத்துல நான்தானுங்க போட்டேன். அப்ப இது சோளக்காடு. எரநூறு அடியில பீச்சி அடிச்சுது. அதைப் பார்த்துட்டுத்தான் பில்டர் காட்டை வாங்குனாருங்க."

"காட்டுக்காரர் என்ன ஆனார்?"

"வித்துட்டு, தெக்கால தள்ளி வேற காடு வாங்கிட்டாருங்க."

துளையின் வாயை இரும்பு மூடியால் அடைத்துவிட்டு வண்டியில் ஏறினார். எங்கள் படுக்கையறைகளுக்குக் கீழே அத்தனை ஆழத்துக்கு ஒன்றுமே இல்லை என்ற நினைப்பு என் கால் வழியாக ஏறியது. வண்டியின் ஜன்னலருகே ஓடிப்போய், "அடுத்து எங்கேங்க?" என்றேன்.

"அந்தக் காட்டுக்காரரோட புதுக் காட்டுக்குத்தானுங்க. அங்க இன்னும் சோளந்தான் நிக்குது."