ஐமோ போடாத கையெழுத்து

ஓலு நகரத்துத் தொழிற்பள்ளியில் மின்னணுப் பாடம் நடத்தியவர் ஐமோ கெசாநியெமி. பள்ளி விட்டதும் வீட்டில் உட்கார்ந்து, நாங்கள் சிலர் சேர்ந்து இலவசமாகச் செய்துவந்த கம்பைலருக்கு நிரல் எழுதுவார். மனிதர் எழுதுகிற நிரலைக் கணினிச் சில்லுக்குப் புரியும் கட்டளையாக மாற்றித் தருவது கம்பைலர். அதில் சின்னச் சில்லுகளுக்கான பகுதி முழுக்க அவருடையது. பன்னிரண்டு வருடம், சம்பளமில்லாமல் எழுதினார்.

அவர் மனைவி ரைலிக்குத் தசைகள் ஒவ்வொன்றாகச் செயலிழக்கும் நோய். கண்ணசைவைப் பார்த்துப் பேசும் கருவி ஒன்றை வாங்கி வைத்திருந்தார்கள். அதைச் செய்த நிறுவனம் மூடிப்போன அதே வருடம் கருவியும் பழுதானது. உள்ளே ஓடிய நிரலின் மூல வடிவம், மனிதர் படித்துத் திருத்தக்கூடியது, யார் கையிலும் இல்லை. ஐமோ அதைக் கழற்றிப் போட்டுக்கொண்டு வாரக்கணக்கில் போராடினார். கடைசி நான்கு மாதம் ரைலி ஒரு வார்த்தை பேசாமல் போய்ச் சேர்ந்தாள். அதன் பிறகுதான் அவர் எங்களோடு சேர்ந்தார்.

கம்பைலரை யார் எப்படிப் பயன்படுத்தலாம் என்று சொல்லும் எங்கள் பழைய உரிமத்தில் ஒரு நிபந்தனை உண்டு. கம்பைலரைத் திருத்தி வெளியே கொடுப்பவர், திருத்திய மூலத்தையும் சேர்த்துக் கொடுத்தாக வேண்டும். சில்லு செய்யும் நிறுவனம் ஒன்று அதை மாற்றச் சொன்னது. யாரும் எடுக்கலாம், திருத்திய மூலத்தை மூடியும் வைத்துக்கொள்ளலாம் என்ற தளர்வான உரிமம் வந்தால் ஐந்து பொறியாளர்களைத் தருவதாகச் சொன்னது. எழுதியவர்கள் எல்லோரும் சம்மதித்தால்தான் உரிமம் மாறும். கையெழுத்து வாங்கும் வேலை என் தலையில் விழுந்தது.

பனி உருகிச் சேறாகிக் கிடந்த ஒரு சனிக்கிழமை அவர் வீட்டுக்குப் போனேன்.

"வா தூலியா. கையெழுத்துக்குத்தானே?" காப்பியை ஊற்றிக்கொண்டே கேட்டார்.

"நாப்பத்திரண்டு பேர் போட்டாச்சு. நீங்க ஒருத்தர்தான் பாக்கி."

"அப்ப நாப்பத்திரண்டு பேருக்கும் நான்தான் வில்லன்னு சொல்லு."

"விளையாடாதீங்க ஐமோ. இப்ப ஒழுங்கா வேலை பாக்கிறது மூணே பேரு. அதுல ரெண்டு பேருக்கு முதுகு நிமிர மாட்டேங்குது. ஆள் வரலைன்னா ரெண்டு வருஷத்துல எல்லாம் செத்துப்போகும்."

"சாகட்டும். செத்தாலும் மூலம் எல்லார் கையிலயும் இருக்கும்ல?"

"யாரும் தொடாத மூலத்தை வெச்சு என்ன பண்றது? அவங்க மூடிக்கிட்டாலும் நம்ம பிரதி நம்மகிட்டத்தானே இருக்கப்போகுது?"

அவர் காப்பிக் கோப்பையைக் கீழே வைத்தார். "ரைலி மெஷினுக்குள்ள இருந்ததும் யாரோ இப்பிடிச் சும்மா குடுத்த நிரல்தான்மா. கம்பெனி அதை எடுத்து மாத்தி, மாத்துனதை மூடிக்கிச்சு. அதைக் குடுத்தவங்ககிட்ட பழைய பிரதி பத்திரமா இருந்துச்சு. அது என் பொண்டாட்டிக்கு ஆகல."

அவர் ரொட்டித் தட்டை என் பக்கம் நகர்த்தினார். கையெழுத்து போடவில்லை.

குழு கூடி, அவர் எழுதியதை எடுத்துவிட்டுப் புதிதாக எழுதுவது என்று முடிவெடுத்தது. நானும் கை தூக்கினேன். அவர் நிரலைப் படித்தவர்கள் புதியதை எழுதக் கூடாது, பார்த்து எழுதியது என்று வழக்கு வரும். அதனால் ஒஸ்மோ என்ற புதியவன் எழுதினான். அவருடைய கோப்புகளை நீக்கும் வேலை எனக்கு. முப்பத்தொரு கோப்புகள். ஒவ்வொன்றின் தலைப்பிலும் அவர் பெயர் இருந்தது.

வெளியீட்டுக்கு முந்தின வாரம் ஐமோவிடமிருந்து மின்னஞ்சல் வந்தது. திட்டப்போகிறார் என்று பயந்துகொண்டே திறந்தேன். "புதிய பகுதியில் எதிர்ம எண்ணை வகுத்தால் விடை தவறாக வருகிறது, சோதித்துப் பாருங்கள்" என்று இரண்டு வரி. சோதித்தோம். தவறுதான். ஒஸ்மோ சரிசெய்தான். நன்றி சொல்லிப் பதில் எழுத உட்கார்ந்து, மூன்று தடவை அழித்துவிட்டு, அனுப்பாமலே விட்டேன்.

ஐந்து பொறியாளர்கள் வந்தார்கள். முதல் வருடம் நன்றாகவே உழைத்தார்கள். மறுவருடம் நிறுவனம் தன் பிரதியைத் தனியே பிரித்து, மூடி, அவர்களையும் கூப்பிட்டுக்கொண்டது. அதன் புதிய சில்லுக்கான திருத்தம் ஒரு வரிகூட எங்களுக்கு வரவில்லை. மீண்டும் மூன்று பேரானோம்.

ஐமோவைத் தொலைபேசியில் கூப்பிட்டுச் சொன்னேன்.

"கேள்விப்பட்டேன்" என்றார்.

"நீங்க சொன்னது சரியாப்போச்சு."

"சரியாப்போய் யாருக்கு என்ன லாபம், தூலியா?" குரல் இளைத்திருந்தது. "நீ உடம்பைப் பாத்துக்கோ."

மார்ச்சில் அவர் இறந்தார். பள்ளிக்காரர்கள் பத்திரிகையில் கொடுத்திருந்த அறிவிப்பைப் பார்த்துத்தான் எனக்குத் தெரிந்தது. அதற்குள் அடக்கம் முடிந்து ஒரு வாரம் ஆகியிருந்தது.