ஒரு பிழையான அறிக்கையைத் திருத்த கோட்-டெ-நெய்ஜ் போனேன்

நானே செய்த ரிசீவர் போர்ட்டை (ஃபைபரில் வரும் தரவை வாங்கும் சர்க்கிட் பலகை) தவறான முறையில் சோதித்துவிட்டு, "க்ளொக்கை மீட்கவில்லை" என்று அறிக்கை எழுதிவிட்டார்கள். எழுதியது கோட்-டெ-நெய்ஜில் ஒரு சிறிய பரிசோதனைக்கூடம், பெயர் வேண்டாம். எங்கள் வானம் பார்க்கும் கழகம் தொலைநோக்கிப் படங்களை ஃபைபர் வழியாகக் கொண்டுவர என் போர்ட்டைப் பாவிப்பதா என்று வியாழக்கிழமை வாக்கெடுக்கிறது. அந்த ஒரு வரி இருந்தால் மூன்று வருட வேலை குப்பைக்குத்தான். செவ்வாய் காலை புறப்பட்டேன்.

நான் இருக்கும் பியர்பொன்ட்ஸிலிருந்து ஏறத்தாழ இருபது கிலோமீட்டர். 7.40க்கு பஸ், 8.35க்கு கோட்-வெர்ட்டு மெட்ரோ. ஸ்னோடனில் நீலப் பாதைக்கு மாறினால் அடுத்த நிறுத்தம்தான். அறுபத்தைந்து கடந்தவர்களுக்குக் கட்டணமில்லை, மற்றவர்களுக்கு 3.75 டொலர். பஸ்ஸில் என் மடியிலிருந்த போர்ட் பெட்டியைப் பார்த்து, "சாப்பாடா?" என்று பிரெஞ்சில் கேட்டார் சாரதி. "சண்டை" என்றேன். சிரித்துக்கொண்டே கதவை மூடினார்.

கூடத்தில் அன்று நிரோஷி என்ற திருகோணமலைப் பிள்ளை வேலை. அறிக்கை எழுதியது அவளில்லை.

"அங்கிள், போன்லயே அரைவாசி ஏசிப்போட்டீங்கள். மிச்சம் இருக்கோ?"

"இருக்கு. முதல்ல உங்கட ஸ்கோப்பைக் காட்டுங்கோ," என்றேன். சிக்னலைத் திரையில் வரைந்து காட்டும் கருவி அது.

விஷயம் இதுதான். வேகமான இணைப்பில் க்ளொக்குக்கு, அதாவது ஒவ்வொரு பிட்டையும் எப்போது வாசிப்பது என்று சொல்லும் துடிப்புக்கு, தனி வயர் கிடையாது. தரவு பூச்சியத்திலிருந்து ஒன்றுக்கு மாறும் விளிம்புகளைப் பார்த்தே ரிசீவர் நேரத்தைக் கண்டுபிடிக்க வேண்டும். ரேடியோ இடைஞ்சல் குறைய, அனுப்பும் பக்கத்து க்ளொக்கை வேண்டுமென்றே மெல்ல ஆடவிட்டிருக்கிறேன். போர்ட் அந்த ஆட்டத்தைத் தொடர்ந்து பிடிக்கும். இவர்களோ ஸ்கோப்பை எப்போதும் மேசையின் ஆடாத க்ளொக்கோடு இணைத்தே வைத்திருக்கிறார்கள். படகில் நிற்பவரைக் கரையிலிருந்து படமெடுத்தால் கலங்கத்தானே செய்யும்!

"அந்த வயரைக் கழட்டி, என்ர போர்ட் மீட்ட க்ளொக்கைக் குடுங்கோ."

"ஐயோ, அது எங்கட கூடத்துப் பெரியவர் டேப் ஒட்டி வச்சது. ஒருத்தரும் தொடுறேல்ல."

"வேலை முடியப் பேந்து நானே ஒட்டித் தாறன்."

மேசைக்குப் பின்னால் குனிந்து டேப்பை உரித்தாள். திரையில் அப்பிக்கிடந்த பச்சைக் கோடுகள் மெல்லப் பிரிந்து, பிட்டுகளுக்கு நடுவே சுத்தமான இடைவெளி தெரிந்தது.

"நாங்கள்தான் பிழை விட்டிருக்கிறம், அங்கிள்."

"ஓம். எழுதித் தாங்கோ."

"படம் வடிவா இருக்கெண்டு மட்டும் எழுதேலாது. பிழை எண்ணிப் பாக்கவேணும்."

கோபம் வந்தது. ஆனால் அவள் சொன்னது சரி. செக்கனுக்கு இரண்டரை பில்லியன் பிட் வீதம் நாற்பது நிமிடம் ஓடவிட்டோம். நான் உட்காரவே இல்லை. தவறிய பிட்: பூச்சியம். நிரோஷி திருத்தத்தை அங்கேயே தட்டச்சு செய்தாள். பெரியவரின் கையெழுத்து மட்டும் பாக்கி.

சொந்தமாகப் போர்ட் செய்து இங்கே கொண்டுபோகிறவர்களுக்கு: மேசை வாடகை மணிக்கு 40 டொலர். குட்டையான நல்ல கேபிள் கொண்டுபோங்கள். ஸ்கோப் எந்த க்ளொக்கைப் பார்க்கிறது என்று முதலில் கேளுங்கள், கேட்கக் கூச்சப்படாதீர்கள். நான் பள்ளியில் இதைப் படித்தவனல்ல, அதனால் என் சொல் செல்லாது என்று ஒருவரும் நினைக்க வேண்டாம்.

இனிச் செய்யவேண்டியவை. பெரியவர் புதன்கிழமைக்குள் திருத்தத்தில் கையெழுத்திட வேண்டும். பழைய அறிக்கையைக் கூடம் திரும்பப் பெற வேண்டும். நிரோஷி அந்த டேப்பை மறுபடி ஒட்டவிடக் கூடாது. கழகத் தலைவர் வாக்கெடுப்புக்கு முன் புதிய அறிக்கையை உரக்க வாசிக்க வேண்டும். சனிக்கிழமை கூரையேறி ஃபைபர் இழுப்பது என் வேலை. கழகத்தில் யாராவது ஒருவர் வந்து ஏணியைப் பிடிக்க வேண்டும்.